எண்டிசை ஒலியும் எளிய கருவிகளும்

நமது கண்கள் முன்புறத்தை மட்டுமே காண்பன. முதுகுக்குப் பின்னால் நிகழ்வதைக் காணவேண்டின் தலையைத் திருப்புதல் வேண்டும். செவியோ அவ்வாறன்று. முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலுங் கீழுமாக எழுகின்ற ஒலிகள் யாவற்றையும் அஃது ஒரே வேளையில் ஏற்கின்றது. ஆலய மண்டபத்தில் நிற்கும் ஒருவன் மணியோசை மேலிருந்து வருவதையும், நாதசுரம் ஒரு புறத்திருந்து வருவதையும், அடியார் குரல் பின்னிருந்து எழுவதையும் கண்ணை மூடிக்கொண்டே வகுத்துணர்வான். ஆயினும் அவ்வொலிகளையே ஒரு சாதாரண பதிகருவியிற் பதிந்து வீட்டிலிருந்து கேட்குமிடத்து, அவை யாவும் எதிரேயுள்ள பெட்டியினின்று வருவனவாகவே தோன்றும். ஒலி கிடைத்துவிட்டது, அஃது எழுந்த இடம் தொலைந்துவிட்டது.

இவ்வாறு தொலையும் இடத்தையும் ஒலியுடன் சேர்த்துப் பதிந்து வைத்தல் கூடுமா? கூடும் என்பதை இங்கிலாந்து நாட்டறிஞர் சிலர் 1970ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில் நிறுவிக் காட்டினர். அம்பிசொனிக் முறை என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். பல ஆண்டுகளாகப் பெரிய ஒலிப்பதிவு நிலையங்கள் மட்டுமே கையாளத்தக்கதாயிருந்த அம்முறை, இன்று சிறிய கல்வி நிலையங்களின் கைக்கும் எட்டுவதாயிற்று. அதன் கொள்கை யாது, அதற்குரிய கருவிகள் மலிந்தது எவ்வாறு, அவற்றை வாங்க விழைவோர் அறியவேண்டிய நிறைகுறைகள் எவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவி திசையறியும் வகை

வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைகின்றது; தலையைச் சுற்றிச் சென்று இடச்செவியைச் சற்றுப் பிந்தி அடைகின்றது. இத்தாமதம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைந்தது. அங்ஙனமாகியும் மூளை அதனை அளந்துகொள்கின்றது. மேலும், தலையானது உயர்ந்த சுருதியுடைய ஒலிகளை மறைத்து நிற்பதால் தூரத்துச் செவியில் அவை மெலிந்து கேட்கும். தாழ்ந்த சுருதிகளுக்குக் காலவேறுபாடும், உயர்ந்த சுருதிகளுக்கு வலிமை வேறுபாடும் திசைகாட்டிகளாய் அமைகின்றன என்னும் இக்கொள்கையை றேலிப் பிரபு 1907இல் தெளிவுபடுத்தினார். மேல் கீழ் என்னும் வேறுபாட்டையறியச் செவிமடலின் வளைவுகளும், நாம் நம்மையறியாமலே செய்யும் சிறு தலையசைவுகளும் உதவுகின்றன.

செவி இரண்டாதலின் ஒலிவாங்கியும் இரண்டாதல் வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. 1881இல் பாரிஸ் நகரில் நிகழ்ந்த மின்னியற் பொருட்காட்சியில் கிளமான் அடேர் என்பார், ஒப்பேரா அரங்கின் மேடையிலே தொலைபேசிக் கருவிகளை வரிசையாக வைத்து, காட்சிசாலைக்கு வந்தோரை இரு செவிக்கும் இரு கருவி கொண்டு கேட்கச் செய்தார். பாடுவோர் மேடையில் இடம் மாறுவதைக் கேட்போர் உணர்ந்தனர். 1931இல் அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இரட்டைத் தட ஒலிப்பதிவுக்கு உரிமைப்பத்திரம் கோரி விண்ணப்பித்தார். இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைப்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. ஒலி அவ்விரண்டையும் ஒரே கணத்தில் அடையும்; திசைக்கேற்ப வலிமை மட்டுமே வேறுபடும். பின்வந்த அம்பிசொனிக் முறைக்கு வித்தாயமைந்தது, ஒரு புள்ளியில் நின்று திசையை அளத்தல் என்னும் இக்கருத்தேயாகும்.

நான்கு மூலைகளும் நான்கு தடங்களும்

1970ஆம் ஆண்டையடுத்து, அறையின் நான்கு மூலைகளிலும் நான்கு ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்கும் முறையொன்று அமெரிக்காவிலும் யப்பானிலும் விற்பனைக்கு வந்தது. ஒரு தடத்துக்கு ஓர் ஒலிபெருக்கி என்பதே அதன் விதி. ஒன்றோடொன்று பொருந்தாத பல வகைகள் போட்டியிட்டமையாலும், விலை மிகுந்தமையாலும் அது சில ஆண்டுகளிலே மறைந்தது. விற்பனைத் தோல்வி ஒருபுறமிருக்க, அதன் கொள்கையிலேயே குறையொன்றுளது. முன்னிருக்கும் இரு பெட்டிகளுக்கு நடுவே ஒலியொன்று நிற்பதாகச் செவியை நம்பச் செய்தல் எளிது. பக்கவாட்டில் முன்னொன்றும் பின்னொன்றுமாக உள்ள பெட்டிகளுக்கு நடுவே அவ்வாறு நிறுத்துதல் அரிது. இரு செவிகளும் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருத்தலே இதற்குக் காரணம்.

இக்குறையைக் கணிதத்தால் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக் கணிதவியலாளர் மைக்கல் கேர்சன் என்பார். றெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் பெல்கெற் என்பாரும் இத்துறையில் உழைத்தார். எத்தனை ஒலிபெருக்கிகளிற் கேட்கப்போகின்றோம் என்பதைப் பதியும் வேளையிலே எண்ணவேண்டுவதில்லை. ஒரு புள்ளியில் ஒலி எவ்வாறிருந்தது என்பதை மட்டும் முழுமையாக அளந்து வைத்தாற் போதும். கேட்கும் வேளையில் அங்குள்ள ஒலிபெருக்கிகளின் தொகைக்கும் இடத்துக்கும் ஏற்பக் கணித்துக்கொள்ளலாம். இதுவே அவர்கள் கண்ட உண்மையின் சாரம்.

அவ்வளவைக்கு நான்கு தடங்கள் வேண்டும். முதலாவது, எத்திசையினின்று வரும் ஒலியையும் ஒரே அளவில் ஏற்பது. அதனை மொத்தத் தடம் என்போம். இரண்டாவது, முன்பின் வேறுபாட்டைக் காட்டும் முன்பின் தடம். மூன்றாவது இடவலத் தடம். நான்காவது மேல்கீழ்த் தடம். ஆங்கில அரிச்சுவடியின் டபிள்யூ, எக்ஸ், வை, இசட் என்னும் எழுத்துக்களால் இவை முறையே குறிக்கப்படும். ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் கற்ற மாணவர்க்குப் பின்னைய மூன்றும் பழக்கமான மூன்று அச்சுக்களேயாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். தலைமட்டத்திலுள்ள ஓர் ஒலி நேர் முன்னிருந்து இடப்புறமாக 30 பாகை விலகி எழுகின்றதெனக் கொள்வோம். அதன் வலிமை ஒன்றாயின், முன்பின் தடத்தில் 30 பாகையின் கோசைனாகிய 0.87 பங்கும், இடவலத் தடத்தில் அதன் சைனாகிய 0.5 பங்கும் பதியும். மேல்கீழ்த் தடத்தில் ஒன்றும் பதியாது. ஒலி 60 பாகைக்குப் பெயர்ந்தால் அவ்விரு தொகைகளும் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே தடங்களின் விகிதமே திசையைச் சொல்லிவிடுகின்றது.

இதனாற் பிறக்கும் பயன் வியப்புக்குரியது. முதலிற் கூறிய 30 பாகை ஒலியைப் பதிந்துவிட்டோம். பின்னர்க் கேட்பவன் தன் முகத்தை இடப்புறம் 30 பாகை திருப்புகின்றான். இப்பொழுது அவ்வொலி அவனுக்கு நேர் முன்னே கேட்டல் வேண்டும். புதிய முன்பின் தடம், பழைய முன்பின் தடத்தை 0.87 ஆற் பெருக்கி, இடவலத் தடத்தை 0.5 ஆற் பெருக்கிக் கூட்ட வருவது. 0.87 இன் வர்க்கமும் 0.5 இன் வர்க்கமுஞ் சேர ஏறத்தாழ ஒன்றாகும். புதிய இடவலத் தடமோ 0.5 ஐ 0.87 ஆற் பெருக்கியதினின்று 0.87 ஐ 0.5 ஆற் பெருக்கியதைக் கழிக்க வருவது, அது சூனியமாகும். ஒலி முன்னே வந்து நின்றுவிட்டது. நிகழ்ச்சி முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும், உயர்தர வகுப்புத் திரிகோணகணிதங் கொண்டே கேட்பவனின் முகத்தை எத்திசைக்குந் திருப்பலாம் என்பது இதனாற் பெறப்படும். இரட்டைத் தடப் பதிவில் இவ்வசதி இல்லை.

நான்முகிக் கருவி

அச்சுக்கு ஒன்றாக மூன்றும் மொத்தத்துக்கு ஒன்றுமாக நான்கு ஒலிவாங்கிகளை ஒரே புள்ளியில் வைத்தல் இயலாது. ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்று நிற்க முடியாதன்றோ? இதற்குக் கேர்சனும் பீற்றர் கிறேவன் என்பாருஞ் சேர்ந்து கண்ட வழி அழகியது. ஒழுங்கான நான்முகியொன்றின் நான்கு முகங்களிலும் நான்கு சிறு ஒலிவாங்கிகளை வெளிநோக்கி அமைத்தனர். அவை முறையே முன்-இடம்-மேல், முன்-வலம்-கீழ், பின்-இடம்-கீழ், பின்-வலம்-மேல் ஆகிய திசைகளை நோக்குவன. நான்கையுங் கூட்டினால் மொத்தத் தடம் கிடைக்கும். முன்னோக்கும் இரண்டையுங் கூட்டி, பின்னோக்கும் இரண்டையுங் கழித்தால் முன்பின் தடம் கிடைக்கும். ஏனைய இரண்டையும் இவ்வாறே பெறலாம். கூட்டலுங் கழித்தலுமே இதன் அடிப்படைக் கணக்கு. இக்கருவியைக் கல்றெக் என்னும் ஆங்கில நிறுவனம் 1978 அளவில் சவுண்ட்பீல்ட் என்னும் பெயரோடு விற்பனைக்குக் கொணர்ந்தது.

கொள்கை சிறந்ததாயினும் சந்தையில் அது வெற்றி பெறவில்லை. நான்கு மூலை முறையின் தோல்வியைக் கண்ட வணிகர், சூழொலி என்னுஞ் சொல்லையே வெறுத்தனர். நான்கு தடங்களைக் குறைவின்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க இசைத்தட்டும் அக்காலத்தில் இல்லை. கேர்சன் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது ஐம்பதாம் வயதில் மறைந்தார். தாம் கண்ட முறை உலகெங்கும் பரவியதை அவர் காணவில்லை.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளின் பின் நிலைமை மாறியது. கண்களில் அணிந்துகொண்டு நாற்புறமுந் திரும்பிப் பார்க்கத்தக்க படங்கள் வந்தன. பார்ப்பவன் தலையைத் திருப்பும்போது காட்சியுடன் ஒலியுந் திரும்புதல் அவற்றுக்கு இன்றியமையாதது. மேற்காட்டிய திரிகோணகணிதம் அத்தேவைக்கென்றே செய்து வைத்தாற்போல ஆயத்தமாயிருந்தது. யூரியூப் நிறுவனம் 2016இல் நான்கு தட அம்பிசொனிக் ஒலியை ஏற்றுக்கொண்டது. மூல உரிமைப்பத்திரங்கள் அதற்கு முன்னரே காலாவதியாகிவிட்டமையால், எந்நாட்டவரும் எந்நிறுவனத்தாரும் தடையின்றி இக்கருவிகளைச் செய்யலாயினர். விலை இறங்கியமைக்கு இவையே காரணம்.

கருவிகளும் விலையும்

இன்றைய கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒலிவாங்கியும் பதிகருவியும் ஒன்றாயமைந்த சிறு கருவி. யப்பானிய நிறுவனமாகிய சூம், 2011இல் வெளியிட்ட எச் 2 என் என்னுங் கைக்கருவிக்கு 2016இல் புதிய நிரலொன்றை இலவசமாக வழங்கி, அதனை அம்பிசொனிக் வடிவிலே பதியச் செய்தது. சுமார் 200 டொலருக்குள் விற்ற அக்கருவியில் மேல்கீழ்த் தடம் வெறுமையாகவே இருக்கும். கிடைத்தள ஒலியை மட்டுமே அது காட்டும். அந்நிறுவனம் 2018இன் இறுதியில் அறிவித்த எச் 3 வி.ஆர். என்னுங் கருவியோ நான்முகி அமைப்பை முற்றாக உடையது. வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 350 டொலர். நான்கு ஒலிகளையும் நான்கு தடங்களாக மாற்றுங் கணக்கைக் கருவியே செய்துவிடும். தான் நிமிர்ந்து நிற்கின்றதா, தலைகீழாய்த் தொங்குகின்றதா என்பதையும் அது தானே அறியும்.

இரண்டாவது, தனி ஒலிவாங்கியும் தனிப் பதிகருவியும் சேர்ந்தது. சென்ஹைசர் என்னும் ஜேர்மன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட அம்பியோ ஒலிவாங்கி 1,600 டொலருக்கு மேல் விற்றது. றோட் என்னும் அவுஸ்திரேலிய நிறுவனம் 2016இல் சவுண்ட்பீல்ட் நிறுவனத்தையே வாங்கி, 2018இல் சுமார் 1,000 டொலர் விலையில் ஒன்றைக் கொணர்ந்தது. இவற்றுக்கு நான்கு உள்ளீடுகள் உள்ள பதிகருவியொன்றும் வேண்டும். ரஸ்காம் நிறுவனத்தின் டி.ஆர். 70 டி இவ்வினத்தில் விலை குறைந்தது. சூம் நிறுவனத்தின் எப் 8 என் என்பதிலோ நான்கு உள்ளீடுகளின் பெருக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்து மாற்றும் வசதியுண்டு.

மூன்றாவது, ஆய்வாளர் தாமே ஆக்கிக்கொள்வது. இவ்வகையில் நம் அயல்நாடாகிய இந்தியாவைச் சேர்ந்த உமாசங்கர் மந்த்ரவாதி என்பாரின் பணி குறிப்பிடத்தக்கது. பழங்கால ஆடலரங்குகளின் ஒலியியல்பை ஆராய்ந்த அவர், அதற்கு வேண்டிய நான்முகி ஒலிவாங்கியைத் தாமே அமைத்து, அதற்குப் பிரமா எனப் பெயரிட்டார். நான்கு முகங்களுடைய கருவிக்கு அப்பெயர் பொருந்துவதே. மேலே கூறிய எச் 2 என் கருவியின் உடலுக்குள் அதனைப் பொருத்தியும் அவர் வழங்கினார். அவருடைய ஆய்வினைத் தழுவிய கண்காட்சியொன்று 2020இல் பேர்லின் நகரில் நடைபெற்றது.

மலிவின் விலை

விலை குறைந்த கருவி எதனைத் தரும், எதனைத் தாராது என்பதை வாங்குமுன் ஆராய்தல் நன்று. முதலாவது குறை இரைச்சல். சிறிய ஒலிவாங்கிகள் தாமே மெல்லிய இரைச்சலொன்றை எழுப்புவன. தவிலும் நாதசுரமும் முழங்குமிடத்து அது செவிக்குப் புலனாகாது. விடியற்காலைப் பறவையொலியையோ வெறுமையான மண்டபத்தின் அமைதியையோ பதியப் புகின், அதுவே முன்னிற்கும்.

இரண்டாவது, நான்கு ஒலிவாங்கிகளும் ஒத்த இயல்பின ஆதல். தடங்கள் யாவுங் கூட்டலாலுங் கழித்தலாலும் பெறப்படுவன ஆகையால், ஒன்று சிறிது பிழைப்பினும் திசைகள் யாவும் மயங்கும். தனிப் பதிகருவியில் நான்கு குமிழ்களையும் கையாற் சரிசெய்வோர் இதிற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒருங்கமைந்த சிறு கருவியில் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது குறை எல்லா விலையினவற்றுக்கும் பொது. நான்கு ஒலிவாங்கிகளும் ஒரு புள்ளியில் உள்ளன என்பது கணிதத்தின் எடுகோள். உண்மையில் அவற்றினிடையே சில சென்ரிமீற்றர் தூரம் உண்டு. செக்கனுக்குப் பதினாயிரம் அதிர்வுடைய ஒலியின் அலைநீளமோ 3.4 சென்ரிமீற்றர் மட்டுமே. ஆகவே மிக உயர்ந்த சுருதிகளில் திசை தெளிவிழக்கும். அன்றியும், நான்கு தடங்களாலாகிய சித்திரம் சற்று மங்கியதே. ஒலிபெருக்கிகளின் நடுவே இருக்கும் ஓரிருவர்க்கே அது செவ்வையாய்ப் புலப்படும். இன்னுந் தெளிவு வேண்டின் 9 தடங்களும், அதற்கு மேல் 16 தடங்களும் தேவைப்படும். அவற்றுக்குரிய கருவிகள் இன்னும் விலை மிகுந்தனவே.

பொதுவாக, பள்ளிக்கூடமொன்றின் தேவைக்கு ஒருங்கமைந்த சிறு கருவியே போதும் என்பது என் கருத்து. உயர்ந்த கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதினும், எளிய கருவியை எடுத்துச் சென்று பலகாற் பதிவதே பயன்தரும். அங்ஙனம் பதிவோர் சில விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். கருவியைச் சபையில் ஒருவர் அமர்ந்து கேட்கும் இடத்தில், அவர் தலையின் உயரத்தில் நிறுத்துக. அதற்குப் பின்புறம் என ஒன்றில்லை. பதிபவரின் இருமலும் காலடியோசையும் தத்தம் திசையோடு பதியுமாதலின் விலகி நிற்க. திறந்த வெளியிற் காற்றுத்தடையுறை இன்றிப் பதியற்க.

தடங்களின் வரிசையையும் குறித்து வைத்தல் வேண்டும். பழைய வழக்கில் மொத்தம், முன்பின், இடவலம், மேல்கீழ் என்பது வரிசை. இன்று பெருவழக்காயுள்ள அம்பிஎக்ஸ் முறையில் மொத்தம், இடவலம், மேல்கீழ், முன்பின் என்பது வரிசை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், முன்னே நின்று பாடியவர் இடப்புறத்தே நிற்பார்; இடப்புறத்து ஒலி மேலிருந்து இறங்கும்.

எல்லாவற்றினும் முக்கியமான விதி, நான்கு தட மூலத்தை அழியாது பேணுதல். ஹெட்போனிற் கேட்பதற்கென இரண்டு தடமாக மாற்றிய பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தல், நெல்லைக் குற்றி அரிசியாக்கியபின் விதைநெல் தேடுவது போன்றதாகும். நான்கிலிருந்து இரண்டைப் பெறலாம். இரண்டிலிருந்து நான்கைப் பெறல் ஒருபோதும் ஆகாது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 3 பைற்று என்னும் அளவிற் பதிந்தால், ஒரு மணி நேர மூலம் ஏறத்தாழ 2 கிகாபைற்று இடமே கொள்ளும். இதற்கு இடமில்லையென்பார் இக்காலத்தில் இலர். கணக்கிடும் நிரல்களுக்கும் பணம் வேண்டியதில்லை. ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள இசை ஒலியியல் ஆய்வு நிறுவகம் அவற்றை இலவசமாகவே வழங்குகின்றது.

இடத்தைப் பேணுதல்

இவ்வளவு முயற்சி எதற்காக எனச் சிலர் வினவலாம். இசை கேட்டு மகிழ்வதற்கு இரட்டைத் தடமே போதுமன்றோ? போதும். ஆனால் இசையைப் பேணுதல் வேறு, இடத்தைப் பேணுதல் வேறு. கேர்சன் 1975இலேயே, சிறந்த இசையரங்குகளின் ஒலியியல்பை வருங்காலத்தவர்க்காகப் பதிந்து வைத்தல் வேண்டும் என வற்புறுத்தி எழுதினார். அரங்கில் ஓர் ஒலியை எழுப்பி, அது சுவர்களிலும் விதானத்திலும் பட்டு மீளும் வகையைப் பதிந்துவிட்டால், பிறிதோரிடத்திற் பாடிய குரலையும் பின்னர் அவ்வரங்கினுட் பாடியதுபோலக் கேட்கச் செய்தல் கூடும்.

இத்தாலியின் வெனிஸ் நகரத்து லா பெனீச்சே அரங்கு இதன் அவசியத்தை உணர்த்தியது. லம்பெர்ட்டோ துரொங்கின், அஞ்செலோ பரினா என்னும் ஆய்வாளர் இருவர் அவ்வரங்கின் ஒலியியல்பை அளந்து வைத்திருந்தனர். சில மாதங்களில், 1996ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி, அரங்கு தீக்கிரையாயிற்று. 2003இல் அது மீளக் கட்டித் திறக்கப்பட்டது. எனினும் எரிந்துபோன அரங்கு எவ்வாறு ஒலித்தது என்பதற்கு அவ்வளவுகளே சான்றாய் எஞ்சின. பாரிஸ் நகரத்து நொத்ர டாம் பேராலயமும் 2019 ஏப்பிரலில் தீப்பற்றியது. 2013இல் ஒலியியலாளர் அங்கு எடுத்து வைத்திருந்த அளவைகள் அப்பொழுதே பெருமதிப்புப் பெற்றன. இரு கட்டிடங்களிலும் அளந்தவர் எவரும் தீயை எதிர்பார்த்து அளந்தவரல்லர்.

கட்டிடம் எரிந்தாற்றான் அதன் ஒலி அழியும் என்பதில்லை. ஓட்டுக் கூரையை நீக்கிச் சீமெந்துத் தட்டு அமைத்தாலும், திறந்த பக்கங்களை அடைத்தாலும், விதானத்தைத் தாழ்த்தினாலும் பழைய ஒலி போய்விடும். திருத்தத்துக்கு முன்னே படமெடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒலியை எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை. நம் கல்லூரிகளின் பிரார்த்தனை மண்டபங்களும் ஊர்க் கோயில்களின் மண்டபங்களும் அவ்வாறு பதியத்தக்கன. கருவியின் விலை இன்று தடையாயில்லை. அதற்கு வேண்டிய கணிதம் உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படுவதே. விஞ்ஞானப் பிரிவு மாணவர் சிலர் ஓராசிரியரின் துணையோடு ஒரு விடுமுறை நாளில் இதனைச் செய்து முடிக்கலாம். மண்டபம் திருத்தப்படுவதற்கு முன்னதாக அந்நாள் அமைதல் வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரேயொரு நிபந்தனை.